பத்துத் தட்டு

“பத்தா? பத்துத் தட்டா? என்னம்மா, கல்யாணத்துக்குத்தான கேக்குற?”

முத்து பீவி போட்ட சத்தத்தில், தட்டில் பூ ஒட்டிக்கொண்டிருந்த தனலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மலேசியாவின் கிள்ளானில், கல்யாண வரிசைத் தட்டுகள் ஜோடித்துத் தரும் அந்தச் சின்னத் தட்டுக்கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். கை வேலை தனலெட்சுமியுடையது, வாய் வேலை பீவியுடையது.

எதிரே நின்ற பெண் சிரித்தாள். “ஆமா ஆன்ட்டி. மாப்பிள்ளை வீட்டு வரிசைத் தட்டு. பத்து போதும்.”

“ஒம்பது வை, இல்ல பதினொண்ணு வை. ஒத்தைப்படையிலதான் வெப்பாங்க. மலாய்க்காரங்க அவங்க கல்யாணச் சீருக்கு ஹந்தாரான் தட்டு கேட்டாக்கூட ஏழு, ஒம்பதுன்னுதான் கேப்பாங்க லா. வீட்டுல பெரியவங்க யாரும் சொல்லலையா?”

“அவங்க வீட்டுல பொம்பளைங்களே இல்ல ஆன்ட்டி. அதான் கல்யாணப் பொண்ணு நானே வந்து நிக்கிறேன். பத்துதான்.”

நல்ல அழுத்தக்காரி. பேர் விஷ்ணுப்ரியாவாம். செராஸிலிருந்து வந்திருக்கிறாள். அங்கே இல்லாத தட்டுக்கடையா? பீவிக்கு அதுவும் புரியவில்லை.

“ரிப்பன் இந்தக் கலருக்கு மேட்ச் ஆகணும்” என்று போனில் கல்யாணக் கார்டைக் காட்டினாள். தனலெட்சுமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். கலருக்கு முன்னால் பேர்தான் கண்ணில் பட்டது. மணமகன் ஜீவன். ஸ்ரீ கெம்பாங்கானைச் சேர்ந்த ஜெயராஜ் அவர்களின் மகன்.

சூடான பசை அவள் விரலிலேயே சொட்டியது. கையை உதறிக்கொண்டு, “செஞ்சு வெக்கிறேம்மா” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் போனதும் பீவி கிட்டே வந்தாள். “என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு?”

“மாப்பிள்ளை எங்கண்ணன் மகன், பீவி. நான் வளர்த்த பிள்ளை.”

அண்ணி போய்ச் சேர்ந்தபோது ஜீவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. குளிப்பாட்டி, சோறூட்டி, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது தனலெட்சுமிதான். அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு விளையாட்டாக நாலு தட்டு ஜோடித்துக் கொடுத்தாள். கை பழகியது, ஆசையும் வந்தது. கடை வைக்கிறேன் என்றாள்.

“ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குத் தட்டு ஒட்டப் போறியா? தட்டுதான் வேணும்னா தட்டோடயே போ!” என்றார் அண்ணன் ஜெயராஜ்.

ரோஷக்காரி, போய்விட்டாள். இரண்டு பக்கமும் சரியான வீம்பு. பேச்சு அறுந்தது அறுந்ததுதான். யார் யார் வீட்டு மாப்பிள்ளைக்கெல்லாமோ தட்டு ஜோடித்தவளுக்கு, தான் வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை.

“கெளம்புங்கக்கா, அன்னிக்கு நேரா மண்டபத்துக்கே போயிருவோம். யாரு தடுக்கிறான்னு நான் பாக்கிறேன்” என்றாள் பீவி.

“கூப்பிடாத எடத்துல போயி நின்னு, அண்ணன் நாலு பேரு முன்னால கத்தி, பிள்ளை கல்யாணம் நாறிப் போகணுமா? போக மாட்டேன்.” தனலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஆனா அவன மாலையோட ஒரு தடவ பாத்துரணும்னு உசிரு அடிச்சிக்குது பீவி.”

பத்துத் தட்டும் முடிந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. பதினொன்றாவதாக ஒன்றை எடுத்தாள். பயற்றம் மாவு வறுத்து நெய் உருண்டை பிடித்தாள். தீபாவளிக்குச் செய்து வைத்தால், ஜீவன் டின்னைத் திறந்து திருடித் தின்பது அதைத்தான். உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கி, துணியிலேயே மல்லிகை செய்து சுற்றிலும் ஒட்டினாள். வேறு எந்தத் தட்டுக்கும் அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

“கேக்காத தட்டுக்கா இது. அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா?”

“ரெட்டைப்படையில என் பிள்ளைக்கு வரிசை போகக் கூடாது லா. நான்தான் போகல, என் தட்டாச்சும் போகட்டும்.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் விஷ்ணுப்ரியா வேனோடு வந்தாள். முழங்கை வரை மருதாணி. வேன்காரர் ஒவ்வொரு தட்டாகத் தூக்கி ஏற்றினார். பத்து ஏறியது. பதினொன்றாவதில் அவர் கை வைக்கப் போனபோது அவள் தடுத்தாள்.

“அது வேணாம்ணே. அங்கயே இருக்கட்டும்.”

தனலெட்சுமி அந்தத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். “வெச்சுக்கோம்மா. ஒத்தைப்படைக்காக நானா செஞ்சது. மண்டபத்துல ஒரு ஓரமா வெச்சாக்கூடப் போதும்.”

“இல்ல ஆன்ட்டி. அத நாங்க எடுத்துட்டுப் போகக் கூடாது.”

பீவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன பொண்ணும்மா நீ! அந்தத் தட்டுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“நெய் உருண்டை. அதுதான் இருக்கும்னு ஜீவன் அப்பவே சொல்லிட்டாரு” என்ற விஷ்ணுப்ரியா தனலெட்சுமி பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “கார்டக் காட்டி, பத்துன்னு கேக்கச் சொன்னதே ஜெயராஜ் மாமாதான். ‘நான் கூப்பிட்டா என் தங்கச்சி வர மாட்டா. பிள்ளை மேல இன்னும் பாசம் இருந்தா, தானா ஒண்ணு சேர்ப்பா. சேர்த்தா அந்தத் தட்ட யாரும் தொடாதீங்க, அத அவதான் தூக்கிட்டு எல்லாருக்கும் முன்னால நடந்து வரணும்’னு சொல்லி அனுப்பினாரு. கெளம்புங்க அத்தை.”