பாதி உருண்டை

"சுகரை வச்சிக்கினு இது என்னாங்க?"

துவைக்க எடுத்த சட்டையின் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள் அம்சவள்ளி. உள்ளே வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலை, பாதி மல்லாட்டை உருண்டை.

"மீதிப் பாதி வயித்துக்குள்ள போயிடுச்சா? உங்களுக்காக நானே மூணு மாசமா இனிப்பைத் தொடல. திண்டிவனத்துக்கு வேலைக்குப் போறீங்களா, திங்கப் போறீங்களா?"

கணவர் சவுரிராயன் வாயைத் திறப்பதற்குள் பொட்டலம் சாக்கடையில் விழுந்தது.

மறுநாள் விழுப்புரம் கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சித்ரா சிரித்தார்.

"சுகர் நல்லா குறைஞ்சிருக்கு. கேப்பை அடை, நடை எல்லாம் அப்படியே இருக்கட்டும். போன வாரம் சொன்ன மாதிரி, வாரத்துக்கு ஒரு நாள் பாதி உருண்டையும் சாப்பிடலாம்."

"அது நீங்க சொன்னதா டாக்டர்?" அம்சவள்ளியின் குரல் இறங்கியது.

"ஆமாம்மா. ஆசையை அடியோட அடக்கினா ஒருநாள் மொத்தமா தின்னுடுவாங்க. மீதிப் பாதியையும் தின்னுடக் கூடாதுன்னேன். 'அது எங்க வீட்டுக்காரிக்கு டாக்டர். உருண்டைன்னா அவளுக்கு உசுரு, என்னால வாயைக் கட்டிக்கினு கிடக்கிறா'ன்னாரு."

பேருந்து நிலையத்தில் அம்சவள்ளி ஓர் உருண்டை வாங்கினாள். உடைத்து, பாதியை அவரிடம் நீட்டினாள்.

"வேணாம் வள்ளி. இந்த வாரத்துப் பாதியை நேத்தே தின்னுட்டேன். நீ சாப்பிடு."

ஊர் வந்து இறங்கும்வரை இரண்டு பாதிகளும் அவள் கையிலேயே இருந்தன.