மாப்பிள்ளை கலரு

"அடப்பாவி! அடுத்த வாரம் கல்யாணத்தை வெச்சுகினு மூஞ்சியை இன்னாடா பண்ணி வெச்சுகீற?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகன் ஜெஸ்வினைப் பார்த்து அலறினாள் சுஜா.

ஜெஸ்வின் பிறவியிலேயே நல்ல சிவப்பு. எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில், ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வெயிலுக்கும் அவனுக்கும் அறிமுகமே கிடையாது.

கல்யாணத்துக்கு லீவு போட்டதும் ஆளே மாறிப் போனான். தினமும் காசிமேட்டுக்குப் போய், சிநேகிதன் தேசப்பனின் போட்டில் ஏறிக் கடலுக்குப் போய்விடுவான். தலையில் தொப்பி கிடையாது, உடம்பில் சட்டையும் கிடையாது. முகமும் கழுத்தும் அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி ஆகிவிட்டன.

"காத்து வாங்கப் போனேம்மா."

"காத்து வாங்கினியா, கருவாடா காஞ்சியா? போட்டோவுல உன் பல்லு மட்டும்தான்டா தெரியும்!"

தயிர், கடலை மாவு, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் குழைத்துக் கிண்ணத்தோடு வந்தாள் சுஜா. ஜெஸ்வின் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

வெந்நீர் வைத்தால், வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்றான். பீர்க்கங்காய் நாரைக் கொடுத்தால், தேய்க்க மாட்டேன் என்றான். குளித்து முடித்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்தான். ஈரம் காய்வதற்குள் கற்றாழை ஜெல். அதன்மேல் கிரீம். படுக்கப் போகும்போது மறுபடி கிரீம்.

சுஜாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பரவாயில்லை, போன கலரைத் திரும்பக் கொண்டுவரத்தான் பாடுபடுகிறான்!

மறுநாள் மத்தியானம் இன்னும் ஒரு சுற்று கறுத்து வந்து நின்றான்.

"தடவுறதெல்லாம் தடவிட்டு ஏன்டா திரும்பவும் வெயில்ல போய் நிக்கிற?"

"சீரா வரணும்மா. தோலு காஞ்சா உரிஞ்சுடும். உரிஞ்சா பழைய கலரு வந்துடும்."

"வரட்டுமேடா!"

"வரக்கூடாது. கல்யாணம் வரைக்கும் இது நிக்கணும். அதுக்குத்தான் கிரீமு."

சுஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊரே கறுப்பைப் போக்கக் காசைக் கொட்டுகிறது, இவன் காப்பாற்றக் கிரீம் போடுகிறான்! சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"டேய், நெஜத்தைச் சொல்லு. ஆலிஸைப் புடிக்கலியா உனக்கு? பொண்ணு வூட்ல அவங்களே வேணான்னு சொல்லட்டும்னு இப்டி பண்ணிகினு கீறியா?"

"ஆலிஸை ரொம்பப் புடிச்சுகீதும்மா" என்றான் ஜெஸ்வின். "அதான்."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவன் கையைப் பிடித்துக் கீழ்வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே மெஹ்னாஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறாள்.

"மெஹ்னாஸ், இவன் மூஞ்சியைப் பாரு. பிளீச்சோ இன்னாவோ, எதையாவது போட்டு வெளுத்து வுடு."

மெஹ்னாஸ் அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சுஜாக்கா, வெயில்ல வெந்த தோலு இது. இப்ப பிளீச் போட்டா புண்ணாயிடும். கல்யாணத்தன்னிக்குத் திட்டுத் திட்டா உரிஞ்சு கலீஜா பூடும். அப்பால என்னைத் திட்டாதீங்க."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்லுங்க. நார் போட்டுத் தேய்க்க வேணாம். கற்றாழை தடவட்டும்."

"அதைத்தானே அவனும் பண்ணிகினு கீறான்!"

"அப்ப கரீக்டாத்தான் பண்றாரு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிப் புட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள் மெஹ்னாஸ். அவனுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான் என்பது சுஜாவுக்குத் தெரியாது.

கல்யாண நாளும் வந்தது. மாதா கோயிலில் தாலி கட்டி முடித்து, தண்டையார்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். மேடையில் ஜெஸ்வினும் ஆலிஸும். பக்கத்தில் பட்டுப்புடவையில் சுஜா. அவளுக்குத்தான் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பெண் வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருத்தி பரிசைக் கொடுத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கும்போது பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள்:

"நம்ம ஆலிஸே தேவலாம்டி. மாப்பிள்ளை இன்னா இப்டி அட்டக் கருப்பா கீறாரு? ஜோடியே எடுபடல."

சுஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இந்தாம்மா, நில்லு! கலர்ல இன்னாம்மா கீது? கலரைக் கரைச்சா குடிக்கப் போறே? எம்புள்ள குணம் தங்கம், தெரியுமா? தோலைப் பாத்து மனுசனை எடை போடுறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

பாட்டுக் கச்சேரிகூட ஒரு நிமிஷம் தடுமாறி நின்றது. அந்த அம்மாள் முகம் தொங்கிப்போய் இறங்கினாள். அதுவரை தலை குனிந்தே நின்ற ஆலிஸ், மெதுவாக நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

ஜெஸ்வின் சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் சாய்ந்தான்.

"அம்மா, அதையே இன்னொரு தபா சத்தமா சொல்லு. நிச்சயத்தன்னிக்கு, 'பொண்ணு கருப்புடி, எம்புள்ள பக்கத்துல நின்னா எடுபடாது'ன்னு நீ சித்தி காதுல சொன்னது ஆலிஸுக்கு நல்லாவே கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்!"