மூன்று கண் மாப்பிள்ளை

வாசலில் நின்றவனை அப்பா ஏற இறங்கப் பார்த்தார். பச்சை முகம், நெற்றியில் மூன்றாவது கண். காதலனைக் கூட்டி வந்த மகள், அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“எந்தக் கிரகம் தம்பி?”

“வியாழனுக்கு அந்தப் பக்கம் சார்.”

“உங்க ஆளுங்க பூமியில குடியேறினதுலேர்ந்து இங்க யாருக்கும் நிம்மதி இல்ல. நடுக்கண்ணு சிமிட்டவே மாட்டேங்குதே?”

“எங்க பரம்பரைக்கே அப்படித்தான் சார்.”

அப்பா நெடுநேரம் தாடையைத் தடவினார்.

“சரி, கட்டிக்கோ. காதல்னு சொன்னதும், பின்தெருக்காரன் எவனையாவது இழுத்துட்டு வந்துட்டாளோன்னு பதறிப் போயிட்டேன். அந்த ஆளுங்க என் வாசப்படி ஏறினா நான் உயிரோடவே இருக்க மாட்டேன். அதுக்கு நீ எவ்வளவோ தேவலை மாப்பிள்ளை!”

சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல அவர் போனைத் தேடி உள்ளே போனார்.

மாப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. நடுக்கண் மெல்ல மூக்கை நோக்கி நழுவியது. பக்கத்தில் நின்ற அம்மா சட்டென்று அதைப் பிடித்து, மறுபடி நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

“ஞாயித்துக்கிழமை பேச வர்றப்ப உங்க அப்பா அம்மாவுக்காவது நல்ல பசையா வாங்கி ஒட்டுங்க,” என்று கிசுகிசுத்தாள். “பின்தெருவே திரண்டு வந்தாலும் சரி, எல்லாரும் மூணு கண்ணோட வரணும்.”