மூன்றாவது அகராதி

“இந்தா, உன் புஸ்தகத்தை நீயே வச்சுக்க. இதுல என்னமோ கோளாறு இருக்கு.”

ஸ்வரண் கௌர் அகராதியை மேஜைமேல் பொத்தென்று போட்டாள். ஜலந்தர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் மாடிக்கு மாடி மொழி வகுப்புதான். இருந்தும், பரீட்சையில் தோற்றுப்போனதற்கு அகராதியைக் குற்றம் சொல்லி வந்த ஆளை மல்ஹோத்ரா தன் புத்தகக் கடையில் இப்போதுதான் பார்க்கிறார்.

“புஸ்தகம் என்னக்கா பண்ணும்? படிக்கிறவங்கதானே படிக்கணும்?”

“படிக்காமலா இருக்கா? சாப்பிடறப்பக்கூட தட்டுக்குப் பக்கத்துல இதுதான். முதல்ல வாங்கினது சின்னதுன்னு இதை வாங்கினோம். அப்படியும் மூணாவது தடவையா ஜெர்மன் பரீட்சையில கோட்டை விட்டுட்டா.”

மாமியாருக்குப் பின்னால் மருமகள் கமல்ஜோத் நின்றிருந்தாள். யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல இருந்தது அவள் முகம். கல்யாணமான பத்தொன்பதாம் நாள் விமானம் ஏறிய புருஷன் குர்பாஜ் ஜெர்மனியில் இருக்கிறான். பரீட்சை தேறினால்தான் இவளுக்கு விசா. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மல்ஹோத்ரா பழைய அகராதியைப் புரட்டினார். பக்கங்களின் ஓரம் அழுக்கேறி மழுங்கியிருந்தது. அங்கங்கே சில சொற்களுக்கு அடியில் பென்சில் கோடு. காய்ச்சல், மன்னிப்பு, பால்பல், பொறுமை.

“இதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா. ரயில், விலாசம், விலைவாசி, அதைத்தான் கேப்பாங்க. தப்பான இடத்துல உழுதுக்கிட்டு இருக்கே.”

கமல்ஜோத் கை நீட்டி அகராதியை மூடினாள்.

மல்ஹோத்ரா எட்டு வருஷம் ஹாம்பர்க்கில் ஓட்டல் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். எவ்வளவுதான் தேறியிருக்கிறாள் பார்ப்போம் என்று, ‘உன் பேர் என்னம்மா’ என ஜெர்மனில் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்து, ஜெர்மனில் ‘நன்றி’ என்றாள்.

ஸ்வரண் கௌர் தலையில் அடித்துக்கொண்டாள். “பேரைத்தானே கேட்டாரு? அதுகூடவா தெரியலை? கேட்டுக்கப்பா, என் மகன் நேத்து போன்ல கண்டிப்பாச் சொல்லிட்டான். அடுத்த தடவையும் போச்சுன்னா இவளைப் பொறந்த வீட்டுக்கே அனுப்பிடுங்கறான். அப்புறம் நான் ஊர்ல எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?”

மல்ஹோத்ராவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஏணியில் ஏறி, கடையில் இருப்பதிலேயே நல்ல ஜெர்மன்–ஹிந்தி அகராதியை இறக்கினார்.

“இதை எடுத்துக்க. பெரிய எழுத்து. ஜெர்மன் சொல்லைத் தேடினா நம்ம மொழியில அர்த்தம் சொல்லிடும். பரீட்சைக்குப் போறவங்க எல்லாரும் இதைத்தான் வாங்குவாங்க.”

“இது வேண்டாம் அண்ணே,” என்றாள் கமல்ஜோத். “ஹிந்தியில பார்த்தா ஜெர்மன்ல சொல்றது இருக்கா?”

“அது பேசுறவங்க வாங்கறதும்மா. மனசுல இருக்கறதை அவங்க பாஷையில எடுத்துச் சொல்றதுக்கு. உனக்குக் கேட்ட கேள்வியே புரியலை. நடக்கவே வரலை, அதுக்குள்ள ஓட்டமா?”

“அதுதான் வேணும்.”

குரலில் பிடிவாதமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சந்தையில் வெங்காயம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அவ கேக்கறதையே குடுத்துத் தொலைப்பா. பெரிசா இருந்தாச் சரி,” என்றாள் மாமியார். “நான் பக்கத்துக் கடையில பொம்மை விமானம் வாங்கிட்டு வந்துடறேன். போன தடவை வேண்டிக்கிட்டு குருத்வாராவுல வச்சது உள்ளங்கை அளவுதான் இருந்துது. இந்தத் தடவை முழ நீளத்துக்கு வைக்கிறேன். பாபா கண்ணுல பட்டாத்தானே விசா வரும்?”

மல்ஹோத்ரா ஹிந்தி–ஜெர்மன் அகராதியை எடுத்து நீட்டினார். ஸ்வரண் கௌரின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும் கமல்ஜோத்தின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டாள்.

புருஷனாகத்தான் இருக்கும், பாவம், அவனிடமும் திட்டு வாங்கப்போகிறாள் என்று மல்ஹோத்ரா மறுபக்கம் திரும்பி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆனால் போனில் கேட்டது ஒரு பெண் குரல். ஜெர்மனில் விசும்பி விசும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

கமல்ஜோத் முழுவதையும் கேட்டாள். புது அகராதியை மடியில் விரித்து, விரலை ஓட்டி ஒரு சொல்லைத் தேடினாள். கிடைத்ததும் பேசத் தொடங்கினாள்.

மல்ஹோத்ராவின் கையில் துணி அப்படியே நின்றது. எட்டு வருஷம் அங்கேயே கிடந்தும் அவர் நாக்குக்கு வராத சுத்தமான ஜெர்மன், ஓர் இடத்திலும் தடுக்காமல், அதே மரத்துப்போன குரலில் வந்தது.

“அழாதீங்க அக்கா. அடுத்த பரீட்சையிலயும் தோத்துடறேன், குர்பாஜ் உங்ககிட்டயே இருக்கட்டும்.”