காளான் விளக்கின் லேபிள்

“அசையாமப் பிடி. ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு” என்றார் பல் டாக்டர், குரலைத் தாழ்த்தி. அவர் மனைவி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பஞ்சுமாக மூச்சை அடக்கி நின்றாள்.

டாக்டர் மெல்லிய கொக்கியை ஓரத்தில் நுழைத்தார். “என்ன பசையோ, இந்தப் பிடி பிடிச்சிருக்கு.”

நோயாளி சோபாவில் தலைகீழாகக் கிடந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஆரஞ்சுக் கண்ணாடி விளக்கு, காளான் வடிவம். டாக்டர் உரித்துக்கொண்டிருந்தது, அதன் அடியில் இருந்த கட்டைவிரல் அகலத் தொழிற்சாலை லேபிளை. விளக்கு அவருடைய சகலையுடையது. வீடும் சகலையுடையதுதான்.

இதே தொழிற்சாலையில் செய்த இதே விளக்கு டாக்டர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதுவும் அசல்தான், என்ன, லேபிள் இல்லை. பழைய விளக்கு சேர்ப்பவர்கள் மத்தியில் லேபிள் இல்லாத விளக்கு என்றால் ஒரு படி கீழேதான். விளக்குச் சங்கத்தின் கண்காட்சியில் பன்னிரண்டு வருஷமாக டாக்டருக்கு அடுத்தவர்களுக்குக் கைதட்டும் வேலைதான். போன வருஷம், அச்சகம் நடத்தும் சகலை சங்கத்தில் சேர்ந்த சூட்டோடு சூடாக முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

“தப்புங்க இது. தங்கச்சிக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா.”

“பழைய பசை, தானா உதிர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. நீ டார்ச்சை நேராக் காட்டு.”

வாய்ப்பு அதுவாகவே வீடு தேடி வந்திருந்தது. பரிசு விவகாரத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்படிப்பட்ட சகலை போன வாரம் தானாகப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். “கடைவாய்ப் பல்லு ஒண்ணு படுத்துது. வரும்போது உங்க சாமான் பெட்டியையும் கொண்டாந்துடுங்க, சகலை.”

வந்தவர்களை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, “சமையல் முடிய அரை மணி நேரம் ஆகும். நான் போய் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை பண்றேன்” என்று உள்ளே போனார். போனவர் தலைகாட்டவே இல்லை. விளக்கோ கை எட்டும் தூரத்தில், மேஜை மேல் இருந்தது. பெருமையடிக்கத்தான் அங்கே வைத்திருக்கிறான் என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

லேபிள் முழுசாக வந்தது. அதைப் பஞ்சுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் போட்டு, விளக்கைத் துடைத்து இருந்த இடத்திலேயே நிறுத்தினார். சாப்பிட்டு முடித்ததும், “எங்கே, அந்தப் பல்லைக் காட்டுங்க” என்றார்.

“பல்லா? உங்களைப் பார்த்ததுமே வலி பறந்துடுச்சு, சகலை.”

அடுத்த ஞாயிறு கண்காட்சி. இந்த வருஷம் புது நடுவர், மியூசியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். போலி லேபிள் ஒட்டியவர் பெயர் சங்கத்திலிருந்தே நீக்கப்படும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தார். டாக்டருக்கு அதில் பரம சந்தோஷம். அவர் ஒட்டியிருப்பதுதான் அசல் லேபிள் ஆயிற்றே.

நடுவர் முதலில் சகலையின் விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். “போன வருஷக் குறிப்புல லேபிள் உண்டுன்னு இருக்கே?”

“விழுந்துடுச்சுங்க மேடம். பழைய சாமான் பாருங்க.”

கூச்சல் போடுவான் என்று எதிர்பார்த்த டாக்டருக்கு வியப்பாக இருந்தது. நல்லவேளை என்று நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்தது அவர் விளக்கு. நடுவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று.

“இந்த லேபிளை யார் ஒட்டினது?”

“தொழிற்சாலையில ஒட்டினதுங்க.”

“விளக்கு அசல், அதுல சந்தேகமே இல்ல. ஆனா லேபிள் கம்ப்யூட்டர்ல அடிச்சது. கலர் புள்ளி புள்ளியாத் தெரியுது, நீங்களே பாருங்க. இது இல்லாம இருந்திருந்தா நான் உங்களுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருப்பேன்.”

லேபிள் என்னுடையது இல்லை என்று சொல்ல டாக்டருக்கு நுனி நாக்கு வரை வந்தது. பின்னே யாருடையது என்று அடுத்த கேள்வி வருமே. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவர் தன் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் சந்தா கட்டிய பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது.

முதல் பரிசு, “எந்த ஒட்டு வேலையும் இல்லாத நாணயமான விளக்கு” என்ற பாராட்டோடு சகலைக்குப் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் சகலை விளக்கை அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். 

“அது நம்ம பிரஸ்ல அடிச்ச லேபிள்தான். அந்தம்மா லெட்டர் வந்ததுல இருந்து எடுத்துடலாம்னு பார்க்கறேன், கண்ணாடி கீறிடுமோன்னு கை நடுங்குது.”

சகலை விளக்கைக் கவிழ்த்து, வழவழவென்றிருந்த அடிப்பாகத்தை விரலால் தடவிக் காட்டினார்.

“இதுக்குத்தான் சாப்பிடக் கூப்பிட்டேன், சகலை.”