கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின்

படகு எஞ்சினின் மூன்று இறக்கைகளில் இரண்டு உடைந்திருந்தன. தண்ணீருக்குள் சுழலும் தண்டு வளைந்து, அதன் கூட்டில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

மைதீன் பிச்சை அதைப் பட்டறை வாசலில் பழைய டயர் மேல் சாய்த்துவைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். திண்டுக்கல்லில் கிணற்று மோட்டார் பார்க்க எத்தனையோ பேர் உண்டு. படகு எஞ்சினைத் தொட அவர் ஒருவர்தான்.

"அணையில தண்ணி வத்துனா பனங்கட்டை தலைநீட்டும்னு தெரியாதா? பாத்து ஓட்டக் கூடாதாப்பா?"

ஈஸ்வரன் தலையைச் சொறிந்தான். அவன் மனைவி கனகா, கவிழ்த்துப்போட்ட ஆயில் டின் மேல் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். கண் தானாக மூடிக்கொண்டது.

நாற்பது வருடத்து எஞ்சின். ராமேஸ்வரம் பக்கம் கடலில் ஓடி ஓய்ந்தபிறகு ஈஸ்வரனிடம் வந்தது. கயிற்றைச் சுற்றி இழுத்தால்தான் கிளம்பும். ஒரே இழுப்பில் கிளம்பிய நாளே கிடையாது. பத்துத் தடவை, பதினைந்து தடவை, முழு உடம்பையும் கொடுத்து இழுக்க வேண்டும்.

நால்வழிச்சாலை விபத்துக்குப் பிறகு ஈஸ்வரனின் வலது கை தோளிலிருந்து வெறுமனே தொங்கியது. இடது கையால் படகைத் திருப்பி ஓட்டுவான். காலை ஊன்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கயிறு இழுக்க அவனால் ஆகாது.

அதனால் நான்கு வருடமாகக் கயிறு கனகாவின் வேலை.

விடியுமுன் எழுந்து சோறாக்குவாள். கயிறு இழுப்பாள், பிறகு வலை இழுப்பாள். மீனைச் சின்னாளபட்டியில் விற்றுவிட்டுத் திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நின்றபடியே தூங்குவாள். தோளில் தடவிய தைலத்தின் வாடை சேலையைவிட்டுப் போனதே இல்லை.

"நான் ஒட்டவச்சுத் தாரேன் தங்கச்சி. ஆனா ஒரு வருசம் ஓடுனா பெருசு. பேசாம புதுசு வாங்கிரு. சுவிச்சத் தட்டுனாப் போதும்," என்றார் மைதீன் பிச்சை.

சர்வீசுக்கு வந்த புது எஞ்சின் ஒன்று தண்ணீர் டிரம்மில் மாட்டியிருந்தது. தட்டிப் பார்க்கும்படி அவர் கண்ணைக் காட்ட, ஈஸ்வரன் இடது கட்டைவிரலால் சுவிச்சை அமுக்கினான்.

எஞ்சின் உறுமியது. தண்ணீர் அவன் சட்டையெல்லாம் தெறித்தது. ஈஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கனகா கண்ணைத் திறந்தாள். அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"கீர்த்தனாதான் வாங்கித் தாரேங்குறாள்ல. இனிமே நீ வர வேணாம்டி. நல்லாத் தூங்கு. நானே போயிட்டு வாரேன்."

மகள் கீர்த்தனாவும் திருப்பூரிலிருந்து போன் போடும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறாள். அப்பாவுக்குப் புது எஞ்சின், அம்மாவுக்கு ஓய்வு.

தூக்கம் என்றதும் கனகாவுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. ஒரே ஒரு காலை, வெயில் முகத்தில் விழும்வரை படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும்!

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பழசையே சரிபண்ணிக் குடுங்க பாய்."

மைதீன் பிச்சை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளங்கித்தான் பேசுறியாம்மா? இன்னும் எம்புட்டு நாளைக்கு அந்தக் கயித்தோட மல்லுக்கட்டுவ?"

"பழகிப்போச்சு பாய்." அதைவிட நல்ல பொய் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், வலது கை இனி வராது என்று டாக்டர் கைவிரித்த வாரம் அது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஈஸ்வரன் ஒற்றைக் கையால் துடுப்பு வலித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். கனகா யாருடையதோ பரிசலை எடுத்துக்கொண்டு நடு அணையில் அவனை எட்டிப்பிடித்தாள்.

நங்கூரக் கல்லின் கயிறு படகில் கட்டியிருக்கவில்லை. அவன் காலில் கட்டியிருந்தது.

முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும் துடுப்பை வெட்டி அடுப்பில் வைத்து அன்றைய சோற்றை ஆக்கினாள்.

அதற்குப் பிறகு எஞ்சின் இல்லாமல் படகு போகாது, அவள் இல்லாமல் எஞ்சின் கிளம்பாது.

டிரம்மில் தண்ணீர் இன்னும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரன் சுவிச்சை அணைத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ சொல்றபடியே செஞ்சிருங்க பாய்," என்றான்.