யப்பான் சாடித் தண்ணீர்

பழைய பீங்கான் சேர்ப்பது என் பைத்தியம். மடத்துவெளியில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இராசமணி அக்காவிடமிருந்து அந்த யப்பான் பூச்சாடியை வாங்கிவந்தேன். துடைத்துக் காயவைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தேன். மறுநாள் காலை அதில் கழுத்துவரை தண்ணீர் நின்றது. மனைவி நிலாந்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, நல்ல தண்ணி!”

எங்கள் கிணறு கடல் மாதிரி உப்பு. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். நல்ல தண்ணீரை இந்தத் தீவில் யாரும் வெளியே ஊற்றமாட்டார்கள். சாடி தினமும் நிறைந்தது. தினமும் அதில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தோம்.

இன்று இராசமணி அக்கா மூச்சுவாங்க வந்தார். “தம்பி, அதில தண்ணி ஊறினால் ஊத்திப்போடுங்கோ. குடிச்சுப்போடாதேங்கோ!”

நான் பதில் சொல்வதற்குள் கிணற்றடியிலிருந்து நிலாந்தி கூப்பிட்டாள். இருவரும் ஓடிப்போனோம். வாளியோடு குடித்துக்கொண்டிருந்தாள். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“எங்கட கிணறும் நல்ல தண்ணியாப் போச்சு!”

அக்கா ஒரு வாய் அள்ளி உடனே துப்பினார். “ஐயோ, தனி உப்பு!”

நானும் ஒரு வாய் அள்ளினேன்.

இனித்தது.

வாளியை நிலாந்தியிடமிருந்து பறித்து வாயில் வைத்தேன்.